தொட்டு ஆற்றியவர்களுக்கு என்ன பெயர்?

நாலு வருசத்துக்கு முன்னால் நடந்தது இது. வட மாவட்டம் ஒன்றில் எரிக்கப்பட்ட சேரி. எரித்தவர்கள் யார், எதற்காக எரித்தார்கள் என்பதையெல்லாம் இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு காதல், ஒரு பதிவுத் திருமணம், அப்புறம் பெட்ரோல். சம்பவம் நடந்து எட்டு மாதம் கழித்துப் பெருநகரத்திலிருந்து மனநல ஆலோசகர் ஒருவர் வந்தார். நல்ல பெண். ஆங்கிலமும் இந்தியும்தான் தெரியும். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போயிருந்தார்கள். சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் முதல் வாக்கியத்தைச் சொன்னார்: ஹீலிங் தொடங்க வேண்டும், அதற்குத்தான் இந்தத் தெரபி.

நான் எம்.ஏ. தமிழ். தொல்காப்பியம் பாடம் கேட்டவள். அந்த இரண்டு சொல்லுக்கு முன்னால் வாய் அடைத்துப் போய் நின்றேன். குணமாவது என்றேன். இவர்களுக்கு என்ன நோய், குணமாக? சிகிச்சை என்றேன். “ஊசி போடப் போறாங்களா எம்மா?” என்று ஒரு அக்கா கேட்டார். உளச்சிகிச்சை என்று திருத்தினேன். “பைத்தியம்னு எழுதிக்கினு போயிடுவாங்கடி, அப்புறம் நம்ம சாட்சி நிக்காது” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம். அந்தப் பயம் நியாயமானது. கடைசியில் “மனசு ஆறுறதுக்கு வந்திருக்காங்க” என்றேன். கூட்டம் கொஞ்சம் இளகியது. ஆனால் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த வயசான அம்மா சொன்னார்: “ஆறுறதுக்கு சூடு அடங்கணுமே பாப்பா. எரிச்சவனுங்க தெனம் இந்த வழியாத்தான வண்டியில போறானுங்க.”

ஆலோசகர் என் முகத்தைப் பார்த்தார். நான் அந்த வாக்கியத்தை மொழிபெயர்க்கவில்லை. “காலம் பிடிக்கும் என்கிறார்” என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

அந்தத் துரோகம் என்னை விடவில்லை. அதற்கப்புறம்தான் இந்தச் சொற்களின் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்டச் சாதிதான் வந்தது.

முதலில் நம் சொல்லையே பார்ப்போம். தமிழில் புண்ணும் ஆறும், பாலும் ஆறும், பசியும் ஆறும், களைப்பும் ஆறும், மனசும் ஆறும். எல்லாவற்றுக்கும் ஒரே வினை. சூடு தணிவதுதான் அதன் அடிப்படை. ஆங்கிலத்தின் ஹீல் என்ற சொல்லுக்கு அடிப்படை வேறு. முழுமை என்ற பொருள் தரும் ஹோல் என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை. உடைந்தது ஒட்டி மறுபடி முழுசாவது அது. அந்த ஆலோசகர் முழுசாவதைப் பற்றிப் பேசினார், அந்த அம்மா நெருப்பைப் பற்றிப் பேசினார். ஒட்டுகிற வேலையைப் பாதிக்கப்பட்டவள் தனியாக உட்கார்ந்துகூடச் செய்துவிடலாம் என்று எண்ண இடமிருக்கிறது. ஆறுவதற்கோ, வெளியே எரிகிறது நிற்க வேண்டும். கிறித்துவச் சேரிகளில் புழங்கும் ‘சொஸ்தம்’ இன்னொரு வகை. சமஸ்கிருத ஸ்வஸ்தம் அது, தன்னில் தான் நிற்பது. நிற்பது என்கிற இந்தச் செய்தியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

சங்க இலக்கியத்தில் போரில் புண்பட்டவனைப் பெண்கள் காக்கும் காட்சி புறநானூற்றில் வருகிறது. வீட்டில் வேப்பிலை செருகுகிறார்கள், வெண்கடுகு புகைக்கிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள். பேய் வந்து தொடாமல் மனைவி காவல் இருப்பதைத் தொல்காப்பியம் தொடாக் காஞ்சி என்கிறது. பதிற்றுப்பத்தில் புண்ணைத் தைக்கிற வெள்ளை ஊசி வருகிறது. குளத்தில் முங்கி எழும் மீன்கொத்தி மாதிரி ரத்தத்துக்குள் போய் வருகிறது. வகுப்பில் உவமை நயம் எழுதினோம், பத்து மதிப்பெண். அந்த ஊசியைப் பிடித்த கை யாருடையது என்று ஆசிரியரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியவள் நான்தான். ஏனென்றால் என் ஆயா ஒரு கை.

எங்கள் பக்கம் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். சேரியில் பிறந்த பிள்ளைகள் அத்தனையும் ஆயா கையில் விழுந்தவைதான். ஊர்த்தெருவில் பிள்ளைப்பேறு பார்க்க நாவிதக் குடும்பத்து அம்மா ஒருவர் இருந்தார். அவருக்கு மருத்துவச்சி என்று பெயர். அவர் சேரிக்குள் வரமாட்டார், வரவும் விடமாட்டார்கள். சேரிக்கு ஆயா. ஆனால் பிள்ளை குறுக்கே கிடந்தால், கொடி விழாமல் சிக்கினால், ராத்திரியில் ஊர்த்தெரு ஆள் லாந்தரோடு சேரி முனையில் வந்து நின்று ஆயாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். பதினெட்டு வயசுப் பயலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். கொல்லைப்புறமாகப் போய், கொல்லைப்புறமாக வருவாள். கூலி ஒரு மரக்கால் நெல், ஒரு பழம்புடவை. தரையில் வைப்பார்கள், எடுத்துக்கொள்வாள். அவள் உள்ளங்கையில் முதல் மூச்சு வாங்கிய பிள்ளை நாலு வயசில் அவளை ‘ஏய்’ என்று கூப்பிட்டிருக்கிறது. ஆயாவுக்கு மருத்துவச்சி என்ற சொல்லைக்கூட யாரும் கொடுத்ததில்லை. ‘புள்ள பாக்கிறவ’ என்பார்கள். அவ்வளவுதான்.

இப்போது நூல்களுக்குப் போகலாம்.

குணப்படுத்துகிறவர்களுக்கு உலக மொழிகளில் இருக்கிற பெயர்களைக் கூட்டி வைத்துப் பார்த்தால் பல சொற்கள் இரண்டு குவியலாகப் பிரிகின்றன. ஒரு குவியல் அறிவைச் சொல்வது. வைத்தியன் என்பது வித்தை அறிந்தவன், வேதம் என்ற சொல்லுக்கும் அதே வேர். டாக்டர் என்பது லத்தீனில் போதிப்பவன். ஹக்கீம் அரபியில் ஞானி. இன்னொரு குவியல் கையைச் சொல்வது, பக்கத்தில் நிற்பதைச் சொல்வது. ஆங்கிலத்தின் சர்ஜன் கிரேக்கத்திலிருந்து வந்தது. கை, வேலை என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்தது அது. கைவேலைக்காரன் என்றுதான் பொருள். பிள்ளைப்பேறு பார்ப்பவளுக்கு லத்தீனில் ஒப்ஸ்டெட்ரிக்ஸ், எதிரில் நிற்பவள். ஆங்கிலத்தில் மிட்வைஃப், கூட இருக்கும் பெண். பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் அவளை அறிவுள்ள பெண் என்கிறார்கள். மலையாளத்தில் வயற்றாட்டி, கன்னடத்தில் சூலகித்தி, தெலுங்கில் மந்திரசானி. விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் பெரும்பாலும் அறிவின் பெயர்கள் மேலேயும், கையின் பெயர்கள் கீழேயும் இருக்கின்றன. மேல் கீழ் எல்லாச் சமூகத்திலும் உண்டுதான். நம் நாட்டில் அது பிறப்போடு வந்து ஒட்டிக்கொண்டது.

எப்படி ஒட்டியது என்பதற்குச் சாட்சி பார்ப்பனர்களின் நூல்களிலேயே இருக்கிறது. தைத்திரீய சம்ஹிதையில் அசுவினி தேவர்கள் வருகிறார்கள், தேவர்களின் வைத்தியர்கள். மனிதர்களோடு புழங்கி வைத்தியம் பார்ப்பதால் அவர்கள் தூய்மையற்றவர்கள், ஆகவே பார்ப்பனன் வைத்தியம் செய்யக் கூடாது என்று அந்த நூல் தீர்ப்பு எழுதுகிறது. தேவனே ஆனாலும் நோயாளியைத் தொட்டால் தீட்டு! மனு இன்னும் ஒரு படி கீழே போகிறார். வைத்தியன் கொடுக்கிற சோறு சீழுக்குச் சமம் என்கிறார். பித்ருக்களுக்குச் செய்யும் சடங்கில் அவனை உட்கார வைக்காதே என்கிறார். பத்தாம் அத்தியாயத்தில் வைத்தியத் தொழிலை அம்பஷ்டர்கள் தலையில் கட்டுகிறார், பார்ப்பன ஆணுக்கும் வைசியப் பெண்ணுக்கும் பிறந்த கலப்பு என்று கணக்குச் சொல்லி. வேரையும் இலையையும் சோதித்துப் பார்த்துக் கற்ற மருத்துவ மரபை வருணக் காவலர்கள் ஏன் இப்படி வெறுத்தார்கள் என்பதைத் தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1977இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகப் பேசியிருக்கிறார். தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

அம்பஷ்டன் என்ற அந்தச் சொல்லின் பயணத்தைப் பாருங்கள். வங்காளத்தில் பைத்தியா என்ற சாதியார் தாங்கள்தான் அம்பஷ்டர் என்று சொல்லி மேலே ஏறினார்கள், பூணூல் போட்டார்கள், படித்த கனவான்கள் ஆனார்கள். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1836இல் பிணத்தை அறுத்துப் பெயர் வாங்கிய மதுசூதன் குப்தா அந்தச் சாதி. அதற்காகக் கோட்டையில் பீரங்கி முழங்கினார்கள் என்றொரு கதையும் உண்டு. (தலைமுறை தலைமுறையாகப் பிணத்தைத் தொட்டவர்களுக்கு யாரும் ஒரு ஊசிப்பட்டாசுகூட வெடிக்கவில்லை.) அதே சொல் தமிழுக்கு வந்து அம்பட்டன் ஆயிற்று. எழுதவே கை கூசுகிறது, அது வசவாகி எத்தனையோ காலம். வைத்தியனைக் குறித்த சொல் இங்கே மயிர் வெட்டுகிறவனைக் குறிக்கும் வசவு. இரண்டு வேலையையும் செய்தவர் ஒரே ஆள்தான் என்பது பலருக்குத் தெரியாது. கட்டி கீறியவர், பல் பிடுங்கியவர், எலும்பு கட்டியவர் அவர். அவர் வீட்டுப் பெண்தான் பிரசவம் பார்த்தவர். 1909இல் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளிலும் இது பதிவாகியிருக்கிறது.

பரியாரி என்று ஒரு சொல். பரிகாரம் செய்பவர் என்பதிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் பரியாரியார் என்றால் நாட்டு வைத்தியர், மரியாதையோடு சொல்வார்கள். தமிழ்நாட்டின் சில பகுதிகளில் அதே பரியாரி முடிதிருத்துபவர். நடுவில் கொஞ்சம் கடல்தான். பண்டிதர் என்ற சொல்லுக்கும் இதே கதி. இன்று தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மருத்துவர், நாவிதர், மங்கலா, வேலக்கட்டளவர், பிராணோபகாரி என்று ஒரே வரிசையில் சாதிப் பெயர்கள் நிற்கின்றன. பிராணோபகாரி என்றால் உயிருக்கு உதவி செய்பவர்! உயிருக்கு உதவியவர்களின் பெயரைச் சாதிச் சான்றிதழில் பூட்டி வைத்துவிட்டு, டாக்டர் என்பதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்று தேடி, ‘மருத்துவர்’ என்பதை எடுத்து எம்.பி.பி.எஸ். முடித்தவர் பெயருக்கு முன்னால் போட்டோம். சொல் மேலே ஏறியது, சொல்லுக்குரியவர்கள் ஏறவில்லை. தனித்தமிழ் வெற்றி என்று மேடையில் சொன்னவர்கள் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அய்ரோப்பாவிலும் சவரக்கத்தியும் அறுவைக்கத்தியும் ஒரே பெட்டியில்தான் இருந்தன. இங்கிலாந்தில் 1540இல் எட்டாம் ஹென்றி காலத்தில் நாவிதர்களையும் அறுவை செய்பவர்களையும் ஒரே சங்கமாக்கிச் சட்டம் போட்டார்கள். 1745இல் அறுவைக்காரர்கள் பிரிந்து போனார்கள். டாக்டர் பட்டம் படித்த வைத்தியருக்கு, கைவேலைக்காரருக்கு வெறும் ‘மிஸ்டர்’ என்ற பழைய இழிவை இன்றைக்கும் அங்கே அறுவை நிபுணர்கள் பெருமையாகவே சுமக்கிறார்கள். பிரிட்டிஷ் சர்ஜனை மிஸ்டர் என்றுதான் அழைக்க வேண்டும், டாக்டர் என்றால் அவருக்குப் பிடிக்காது. இங்கே அப்படி ஒரு நாவிதர் தன் சாதிப் பெயரைப் பட்டமாக்கிக்கொண்டு கல்லூரி கட்ட முடிந்ததா? அங்கே தொழில் பிரிந்தது, தொழில் செய்தவன் கூடவே ஏறிப் போனான். இங்கே தொழிலை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார்கள்.

இனி அந்தத் தெரபிக்கு வருகிறேன். நகரத்தில் மணிக்கு ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்து வாங்குகிற அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? கிரேக்கத்தில் தெராப்போன் என்றால் ஏவலாள், உடனிருந்து பணிவிடை செய்பவன். தெராப்பெயா என்றால் பணிவிடை. ஹோமரின் இலியாதில் அக்கிலீசுக்கு பாத்ரோக்ளஸ் தெராப்போன். அவன் வெறும் ஏவலாள் இல்லை, உயிர் நண்பன். போர்க்களத்தில் தொடையில் அம்பு தைத்த ஒருவனைப் படுக்க வைத்து, அம்பை அறுத்து எடுத்து, வெந்நீரால் கழுவி, கசப்பு வேரைக் கையால் கசக்கி வைத்துக் கட்டுகிறான். முதல் தெரபி இதுதான் என்று நான் சொல்வேன். பிளேட்டோ காலத்துக்கு வந்தால் கதை மாறிவிடுகிறது. ‘சட்டங்கள்’ என்ற நூலில் அவர் இரண்டு வகை வைத்தியர்களைச் சொல்கிறார். அடிமைகளுக்குப் பெரும்பாலும் அடிமை வைத்தியன். அவன் நோயாளியிடம் எதுவும் கேட்கமாட்டான், எதுவும் விளக்கமாட்டான், உத்தரவு போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் ஓடுவான். சுதந்திர மனிதர்களுக்குச் சுதந்திர வைத்தியன். அவன் உட்கார்ந்து பேசுவான், நோயாளியிடமே கற்பான், அவன் சம்மதிக்காமல் மருந்து கொடுக்கமாட்டான். ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் நின்றவர்களுக்கு இதில் எந்த வைத்தியம் நமக்கு வாய்த்தது என்று விளக்கத் தேவையில்லை.

தெராப்பெயாவுக்கு நிகரான சமஸ்கிருதச் சொல் சுச்ரூஷா. மலையாளத்திலும் இந்தியிலும் நோயாளியைப் பராமரிப்பதை இன்றும் இப்படித்தான் சொல்கிறார்கள். பழந்தமிழ் வசனத்திலும் சுசுரூஷை உண்டு. வேர்ப்பொருள் கேட்க விரும்புதல். அழகான சொல், இல்லையா? வலியில் இருப்பவன் சொல்வதைக் கேட்க விரும்புவதுதானே பராமரிப்பு. ஆனால் மனு முதல் அத்தியாயத்தில் சூத்திரனுக்கு விதித்த ஒரே கடமைக்கு என்ன சொல் போட்டிருக்கிறார்? அதே சுச்ரூஷா. மற்ற மூன்று வருணத்துக்கும் பொறாமையில்லாமல் சுச்ரூஷை செய். கேட்க விரும்பு, அதாவது கீழ்ப்படி. அந்தச் சூத்திரன் தப்பித் தவறி வேதத்தைக் கேட்க விரும்பிவிட்டால்? காதில் உலோகத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்று என்கிறது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே இது. வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்ட நமக்குக் கேட்கும் கடமைகூட இல்லை, கண்ணில் படாமல் இருக்கிற கடமைதான்.

தமிழ் மன்னர்கள் காலத்தில் இப்படி இல்லை என்று சிலர் கிளம்புவார்கள். காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டு. கோயிலோடு சேர்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை. பெருமைதான், மறுக்கவில்லை. ஊதியப் பட்டியலைப் படியுங்கள். வைத்தியம் பார்க்கிற பட்டருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், காசும் நிலமும் தனி. அறுவை செய்பவருக்கு 30 கலம். பிறகு மருந்து கொண்டு வருபவர்கள், பணிசெய்யும் பெண்கள், நாவிதர். அறிவு முதலில், கை பிறகு. ஆதுலர் என்ற சொல் பின்னாளில் நோயாளி என்பதோடு வறியவர் என்ற பொருளையும் தாங்கிக்கொண்டது. சேரி ஆள் அந்த 15 படுக்கையில் ஒன்றில் படுத்திருப்பானா என்ற கேள்வியைத் தஞ்சைப் பெருமை பேசுகிறவர்கள் முன்னால் வைக்கிறேன்.

ஆனாலும் நம்மிடம் வேறொரு இழையும் இருந்தது. திருக்குறளின் மருந்து அதிகாரம் கடைசியில் மருத்துவத்துக்கு நாலு உறுப்புச் சொல்லி முடிகிறது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, நாலாவதாக உழைச்செல்வான். சரகரும் நாலுதான் சொல்கிறார், அவர் நாலாமவரை உபஸ்தாதா என்கிறார், அருகில் நிற்பவர். உழை என்றால் பக்கம். உழைச்செல்வான் என்றால் பக்கத்திலேயே இருந்து நடப்பவன். முதலாண்டு வகுப்பில் நான் எழுந்து, “உழைப்புக்கும் இதுக்கும் தொடர்பு உண்டா அய்யா?” என்று கேட்டேன். “ஓசைதான் ஒன்று, பொருள் வேறு, உட்கார்” என்றார் பேராசிரியர். இலக்கணப்படி அவர் சரி. ஆயாவை நினைத்தால் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இந்த அருகில் நிற்பவரைத் தலைமேல் தூக்கி வைத்தவர் புத்தர். பாலி மொழி விநயபிடகத்தில் அந்த நிகழ்ச்சி இருக்கிறது. வயிற்றுப்போக்கில் ஒரு துறவி தன் மலத்திலேயே கிடக்கிறார். அவர் யாருக்கும் எதுவும் செய்யாதவர், அதனால் அவருக்கும் யாரும் செய்யவில்லை. புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவ, தலைப்பக்கம் ஒருவரும் கால்பக்கம் ஒருவருமாகத் தூக்கிப் படுக்க வைக்கிறார்கள். பிறகு சங்கத்தைக் கூட்டி, எனக்குப் பணி செய்ய விரும்புகிறவர் நோயுற்றவருக்குப் பணி செய்யட்டும் என்ற கருத்தில் பேசுகிறார். அங்கே வருகிற சொல் உபட்டானம், அருகில் நிற்றல். ஆனந்தர் புத்தருக்கு உபட்டாகர். உபஸ்தாதாவும் உபட்டாகரும் ஒரே சொல்தான். வேதம் அசுவினிகளைத் தீட்டு என்று தள்ளிய காரணத்துக்காகவே, அதாவது தொட்டதற்காகவே, இங்கே ஒருவன் புத்தருக்குப் பணி செய்தவனுக்குச் சமமாகிறான். நான் பௌத்தம் தழுவியவள் இல்லை. இந்த இடத்தைப் படிக்கும்போது மட்டும் எழுந்து நிற்கத் தோன்றும்.

தொடாத வைத்தியம் எப்படி இருக்கும் என்பதை அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று தமிழில் சொல்லப்படும் அவருடைய சிறு நூல், 1990இல்தான் அச்சில் வந்தது. அதில் 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’வில் வெளியான ஒரு கடிதத்தைக் கொடுக்கிறார். கத்தியவாரில் தீண்டப்படாத பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியது. அவர் மனைவிக்குப் பிள்ளை பிறந்து இரண்டே நாளில் வயிற்றுப்போக்கு. டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரியவர்கள் சொல்லி, கட்டணத்துக்கு ஒருவர் பொறுப்பேற்ற பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவரச் சொல்கிறார். பச்சை உடம்புக்காரியைத் தூக்கி வருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவரிடம், கணவர் மனைவிக்கு. வைத்துப் பார்த்து அதே வழியில் திரும்புகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்கிறார் டாக்டர். பிறகு அந்தப் பெண் செத்துப் போனார்.

சிகிச்சை என்ற சொல்லின் வேர் கவனித்தல். தமிழிலும் வைத்தியம் ‘பார்க்கிறோம்’. அந்த டாக்டர் பார்த்தார், தெர்மாமீட்டரைப் பார்த்தார். ஆயா பார்த்தது வேறு பார்வை. இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பிள்ளையின் தலை எங்கே என்று பார்ப்பாள். இரண்டுக்கும் தமிழ் ஒரே வினைதான் வைத்திருக்கிறது.

அறிவு மேலே, கை கீழே என்பதை உடைத்த நம் ஆட்களும் இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரன் வான் ரீட் மலபார்ச் செடிகளைப் பற்றிப் பன்னிரண்டு தொகுதி நூல் கொண்டுவந்தபோது ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் தன் குடும்ப ஏட்டறிவைச் சொல்லி, 1675இல் சான்றுரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஈழவ சமூகத்தில் பிறந்த பல்பு 19ஆம் நூற்றாண்டில் டாக்டருக்குப் படிக்க விரும்பியபோது திருவிதாங்கூர் இடம் தரவில்லை. சென்னையில் படித்து வந்தார், திருவிதாங்கூர் வேலை தரவில்லை, மைசூருக்குப் போனார். தலைமுறையாக வைத்தியம் பார்த்த சமூகத்தவன் வைத்தியனாகக் கூடாதாம்!

நம் அயோத்திதாசர் இருக்கிறார். 1845இல் பிறந்து 1914இல் மறைந்தவர். ராயப்பேட்டையில் சித்த வைத்தியம் பார்த்தபடியே 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியவர். பண்டிதர் என்ற சொல்லை அவர் வைத்தியத்தாலும் சம்பாதித்தார், தமிழாலும் சம்பாதித்தார். காலையில் நாடி பிடித்த விரல்தான் ராத்திரியில் சொல்லின் நாடியையும் பிடித்தது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யார் திருடினார்கள், யார் இழிவாக்கினார்கள் என்று வாரா வாரம் கேட்டார். அவருடைய சொல்லாராய்ச்சி எல்லாம் மொழியியலுக்கு நிற்காது என்று சொல்கிறவர்கள் உண்டு. சில இடங்களில் எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் கேட்ட கேள்வி நிற்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் திறக்கப்பட்டது. அங்குள்ள மருத்துவமனைக்கு அவர் பெயர். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பலகையைப் பார்ப்பேன்.

ஆயா கடைசியாக ஒரு பெரிய மருத்துவமனையில் கிடந்தாள். அங்கேதான் எனக்கு இன்னொரு சொல் கிடைத்தது. “பேஷண்ட்டோட அட்டெண்டர் யாரு?” என்று வார்டு வாசலில் கத்துவார்கள். நான்தான் அட்டெண்டர். உபஸ்தாதா, உழைச்செல்வான், தெராப்போன் எல்லாம் நான்தான் என்று அப்போது தெரியாது. அங்கே மலச்சட்டி எடுக்கிற அம்மாவை ‘ஆயா’ என்று கூப்பிட்டார்கள். அது போர்த்துக்கீசிலிருந்து வந்த ஆயா, எங்கள் ஆயா வேறு. ஆனால் யாரோ “ஆயா!” என்று அதட்டும்போதெல்லாம் கட்டிலில் கிடந்த என் ஆயா “இன்னா சாமி” என்று எழுந்திருக்கப் பார்ப்பாள். பழக்கம்.

கர்நாடகத்தில் பாவகடா பக்கத்தில் ஆயிரக்கணக்கான பிரசவங்கள் பார்த்த நரசம்மாவுக்கு 2014இல் தும்கூர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது, அந்த ஆண்டே டிசம்பரில் இறந்து போனார். கடைசிவரை அவர் பெயர் சூலகித்தி நரசம்மாதான். டாக்டர் பட்டம் வந்த பிறகும் கையின் பெயர் போகவில்லை. தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்கு 99க்கு மேல் பிரசவம் மருத்துவமனையில்தான். நல்லது, தாய்மார்கள் சாவது குறைந்திருக்கிறது, பழையதைத் திருப்பிக் கொண்டுவா என்று நான் கேட்கமாட்டேன். ஆயா போன்றவர்கள் தெரிந்து வைத்திருந்ததை ஒருவரும் உட்கார்ந்து கேட்டு எழுதவில்லை என்பதுதான் என் ஆத்திரம். சுச்ரூஷா, கேட்க விரும்புதல்!

போன வருசம் அந்த ஆலோசகர் மறுபடி வந்திருந்தார். இந்த முறை கொஞ்சம் தமிழ் பேசினார். நான் அவரைத் தனியாக அழைத்து, முதல் நாள் நான் சொன்னது தப்பான மொழிபெயர்ப்பு என்றேன். அந்த அம்மா சொன்ன வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன். சூடு, அடங்குவது, வண்டி, வழி எல்லாவற்றையும். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. “அப்போ நான் என்ன செய்யணும்னு அவங்க எதிர்பார்த்தாங்க?” என்றார். தெரியாது, அவர்களிடமே கேட்கலாம் என்று கூட்டிப் போனேன்.

வயசான அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் தலை நிமிராமல் சொன்னார்: “கோர்ட்டுல சாட்சி சொல்றப்ப அவனுங்க நூறு பேரு வந்து நிக்கிறானுங்க. எங்க பொண்ணு ஒத்தையில கூண்டுல நடுங்குறா. பக்கத்துல வந்து நில்லுங்க. வேற இன்னாத்துக்கு?”

இப்போது முறை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அய்ந்து பெண்கள் போகிறார்கள், முன்வரிசையில் உட்காருகிறார்கள். தண்ணி பாட்டில், புளிச்சோறு, ஒரு மாத்திரைப் பை. ஆலோசகர் இரண்டு தரம் வந்துவிட்டார். அடுத்த வாய்தா இருபத்தி மூணாம் தேதி. அந்த முறை என்னுடையது.